மூடிய அறையில் விஷவாயு: பொறுப்பு யார் தலையில்?

டிசம்பர் பிறந்து தில்லியில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம் பெறும். ஊர் மாறும், எண்ணிக்கை மாறும், வாசகம் மாறாது. இரவில் அங்கீட்டியை மூட்டி அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது. போலீசார் உடைத்துத் திறந்தனர். 2024-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஒரே நாளில் இப்படி இரண்டு செய்திகள் வந்தன. அலிப்பூர் பகுதியில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர். அவர்களில் இருவர் குழந்தைகள். இந்தர்புரியில் இரண்டு பேர்.

அதற்கு முந்திய ஆண்டு நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. 2023 மார்ச் மாதம் ஹோலிப் பண்டிகை. கடுங்குளிர் போய்விட்ட நேரம். கரியடுப்பு எதுவும் இல்லை. வண்ணப்பொடியைக் கழுவக் குளிக்கப் போன தம்பதியர், காசியாபாத் அருகே ஒரு வீட்டிலும் மும்பை காட்கோபரில் ஒரு வீட்டிலும், குளியலறையிலேயே இறந்து கிடந்தனர். இரண்டு இடத்திலும் சந்தேகம் விழுந்தது கியாஸ் கீசர் மீது.

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற மலைவாசஸ்தலத்தில், கேரளத்தில் இருந்து சுற்றுலா சென்ற எட்டுப் பேர் ஓட்டல் அறையில் கியாஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கியவர்கள் அப்படியே மாண்டனர். நான்கு பேர் குழந்தைகள். நம் கொடைக்கானலிலும் 2024 ஆகஸ்டில், விடுதி அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்த திருச்சி இளைஞர்கள் இருவர் உயிரிழந்தனர்.

இத்தனை சாவுகளுக்கும் காரணமாகச் சொல்லப்படுவது ஒரே வாயு: கார்பன் மோனாக்சைடு. இறந்தவர்களின் கவனக்குறைவு என்று இரண்டே நாளில் பேச்சு அடங்கிவிடுகிறது. நான் கேட்க விரும்புவது வேறு. தில்லியில் நம்மவர்களில் பெரும்பாலோர் வாடகை அறைகளில் இருப்பவர்கள். சுவரையும் ஜன்னலையும் கட்டியவர் ஒருவர்; அந்தக் காற்றைச் சுவாசிப்பவர் வேறொருவர். வாடகை வாங்குகிறவருக்கு இதில் ஒரு பொறுப்பும் இல்லையா? சில நாடுகளில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. வாடகை வீட்டில் இந்த வாயுவைக் கண்டுபிடித்துக் கூவும் அலாரம் வைத்துத் தர வேண்டியது வீட்டுக்காரர் கடமை. நம் சட்டம் என்ன சொல்கிறது?

என் வீட்டில் நடந்தது

இதை எழுதத் தூண்டியது பத்திரிகைச் செய்தி மட்டும் அல்ல. ரெயில்வே குவார்ட்டர்சுக்கு மனுப் போட்டுவிட்டு வரிசையில் காத்திருப்பவன் நான். அதுவரை தென் தில்லியில், ஒரு காலத்தில் கிராமமாக இருந்து இப்போது ஊருக்குள் அகப்பட்டுக் கொண்ட ஒரு குடியிருப்பில், மூன்றாவது மாடியில் ஒன்றரை அறை. குளியலறை நான்கடிக்கு ஐந்தடி. நாங்கள் குடிவந்தபோது அதில் ஒரு சின்ன ஜன்னல் வெளியே பார்த்திருந்தது. பிறகு பக்கத்து மனைக்காரர் இன்னொரு மாடி எழுப்பினார். அவருடைய சுவர் எங்கள் ஜன்னலை ஒட்டி வளர்ந்தது. ஜன்னல் இன்றும் இருக்கிறது, அதன் வழியாகக் காற்றுதான் வருவதில்லை.

கியாஸ் கீசரை வாங்கி மாட்டியவன் நான்தான். அதை மறைக்க விரும்பவில்லை. ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து மின்சாரத்துக்கு யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வசூலிக்கிறார். 2019-ல் தில்லி அரசு 200 யூனிட் வரை இலவசம் என்று அறிவித்தபோது, வாடகைதாரர்களும் தங்கள் பெயரில் தனி மீட்டர் வாங்கிக் கொள்ளலாம் என்று ஒரு திட்டமும் வந்தது. எங்கள் கட்டிடத்தில் அப்படி ஒரு மீட்டரை நான் பார்த்ததில்லை. கேட்டவர்களுக்கு அறையைக் காலி செய்யச் சொல்லி ஜாடை காட்டப்பட்டது. மின்சாரக் கீசரில் நாலு பேர் குளித்தால் மாதக் கணக்கு உதைக்கும். கியாஸ் மலிவு. ஆகவே கியாஸ்.

ஒரு ஜனவரி மாதக் காலையில் குளிக்கப் போன என் மனைவி, பதினைந்து நிமிடம் ஆகியும் வரவில்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக் கொண்டிருந்தது. “அம்மா கூப்பிட்டா பேச மாட்டேங்கறாப்பா” என்று மகள் ஓடி வந்தாள். அந்தக் குளியலறைத் தாழ்ப்பாள் வலுவில்லாதது என்று எத்தனையோ நாள் முணுமுணுத்திருக்கிறேன். அன்று அதுதான் காப்பாற்றியது. தூக்கி வந்து மாடிப்படியில், காற்றில் கிடத்தினோம். ஐந்து நிமிடத்தில் கண் விழித்தாள். ஆஸ்பத்திரியில் விரலில் கருவியை மாட்டினார்கள். 98 என்று காட்டியது. “ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, வெறும் வயிற்றில் குளித்த மயக்கம்” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் தலைவலி தீரவில்லை. வேறொரு டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “பாத்ரூமில் கியாஸ் கீசரா?”

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த அந்த விரல் கருவி இந்த வாயுவிடம் ஏமாந்து போகும் என்று அவர்தான் விளக்கினார். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே கணக்கிட்டு, எல்லாம் சரி என்று காட்டும். ரத்தத்தை எடுத்துத் தனியாகச் சோதித்தால்தான் உண்மை தெரியும். கியாஸ் கீசரால் மயங்கி விழுந்து வெட்டிழுத்தவர்களை, காக்காய் வலிப்பு என்று நினைத்து வைத்தியம் செய்த கதைகளை நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். ஜன்னலை வேறு சுவரில் வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். “கீசர் ஆப்கா, ஜிம்மேதாரி பீ ஆப்கீ” என்றார். கீசர் உன்னுடையது, பொறுப்பும் உன்னுடையது. கோபமாகச் சொல்லவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

பிறகு சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். வருத்தம் என்னவென்றால், அவர் சொன்னது ஏறக்குறைய சட்டத்தை ஒட்டியே இருந்தது.

மூக்குக்குத் தெரியாத பகைவன்

சட்டத்துக்குப் போவதற்கு முன் இந்த வாயுவைப் பற்றிக் கொஞ்சம். கரியமில வாயு என்று பலர் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. கரியோ விறகோ கியாசோ தாராளமான காற்றில் எரிந்தால் கரியமில வாயு உண்டாகும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. சமையல் கியாஸ் கசிந்தால் நாற்றம் அடிக்கிறதே, அது கியாசின் சொந்த மணம் அல்ல. நாம் கண்டுகொள்ள வேண்டும் என்று கம்பெனியில் கலந்து விடுவது. அடுப்பிலும் கீசரிலும் உற்பத்தியாகும் இந்த விஷத்துக்கு அப்படி மணம் சேர்ப்பார் யாரும் இல்லை.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவைச் சுமார் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக் கொள்கிறது. ஆகவே சிறிதளவு இருந்தாலும் இடத்தைப் பிடித்துவிடும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி, அப்புறம் மயக்கம். எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் வரும்போது எழுந்திருக்கும் சக்தி போயிருக்கும். தூங்குகிறவருக்கு அந்த எண்ணமும் வராது. மயங்கியவரை வெளிக்காற்றில் வைத்தால், ரத்தத்தில் ஏறிய விஷம் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கண் விழித்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கியாஸ் கீசர் சின்னப் பெட்டிதான். ஆனால் ஓடுகிற தண்ணீரை உடனுக்குடன் சுட வைக்க வேண்டி இருப்பதால், சமையல் அடுப்பைப் போலப் பல மடங்கு வேகத்தில் எரிகிறது. நான்கடிக்கு ஐந்தடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் மளமளவென்று குறையும். குறையக் குறைய எரிவது அரைகுறையாகும். குளிப்பவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். நீராவி வேறு சேர்ந்து கொள்வதால் புழுக்கம் என்றே நினைக்கத் தோன்றும்.

ரெயில்வேயில் இருப்பவனுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. மூடுபனியில் டிரைவருக்கு சிக்னல் தெரியாது. அதற்காக அந்தக் காலம் முதல் ஒரு ஏற்பாடு உண்டு. சிக்னலுக்கு 270 மீட்டர் முன்பாகத் தண்டவாளத்தின் மேல் வெடி வைப்பார்கள். தில்லிப் பக்கம் அதைப் படாக்கா என்பார்கள். என்ஜின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குச் சொல்லி, டிரைவரை உஷார்ப்படுத்தும் உபாயம். இப்போது என்ஜினுக்குள்ளேயே அடுத்த சிக்னல் வருவதைச் சொல்லும் கருவியும் வந்துவிட்டது. டிரைவர் கவனமாக இருப்பார் என்று நம்பி ரெயிலை விடுவதில்லை. வீட்டுச் சுவரில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இந்த வெடியின் வேலையைத்தான் செய்கிறது. ஐரோப்பிய அளவுகோலின்படி, பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் அது கூவ வேண்டும். 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள். 300 பங்கு என்றால் மூன்றே நிமிடத்துக்குள்.

அங்கே யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் வாடகை வீட்டில் உள்ள கியாஸ் சாதனங்களை ஆண்டுக்கு ஒரு முறை, பதிவு பெற்ற மெக்கானிக்கைக் கொண்டு சோதித்து, சான்றிதழின் நகலைக் குடித்தனக்காரருக்குத் தர வேண்டும் என்ற விதி 1998-லேயே வந்துவிட்டது. அலாரம் விதி 2015 அக்டோபர் 1-ல் அமலாயிற்று. விறகு, நிலக்கரி எரிக்கும் அடுப்பு உள்ள அறையில் வீட்டுக்காரர் அலாரம் வைக்க வேண்டும். குடித்தனம் தொடங்கும் நாளன்று அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் இது கியாஸ் பாய்லர் போன்ற எரிகருவி பொருத்திய எல்லா அறைகளுக்கும் விரிந்தது. சமையல் அடுப்புக்கு மட்டும் விலக்கு. தனியார் வீடுகளோடு, குறைந்த வாடகைக்கு விடப்படும் பொது வீடுகளும் சேர்ந்தன. அலாரம் கெட்டுவிட்டது என்று குடித்தனக்காரர் சொன்னால் சரி செய்தோ மாற்றியோ தர வேண்டும். தவறினால் அபராதம் 5,000 பவுன் வரை. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் வாடகை வீடு, சொந்த வீடு என்ற பேதம் இல்லை. எரிகருவி இருந்தால் அலாரம் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் தனி வீடுகளுக்கு 2011-லும், அடுக்கு வீடுகளுக்கு 2013-லும் கட்டாயமாயிற்று. ஆனால் நம் கவனத்துக்கு உரியது தென் கரோலினாவில் நடந்தது. 2019 ஜனவரியில் அங்கே கொலம்பியா நகரில், ஏழைகளுக்கான அரசு உதவி பெற்ற குடியிருப்பு ஒன்றில் இந்த வாயுவால் இருவர் இறந்தனர். நானூறு பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். அங்கே வீட்டுக்காரர் இடத்தில் இருந்தது பொது நிர்வாகமே. கூச்சல் எழுந்தது. 2020 டிசம்பரில் சட்டம் வந்தது. 2022 டிசம்பர் 27 முதல் மத்திய அரசின் உதவி பெறும் வீடுகளில் அலாரம் இல்லாமல் இருக்கக் கூடாது என்றாயிற்று.

தென் கொரியாவின் கதை பெற்றோர் மனதைக் கலக்குவது. 2018 டிசம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு முடித்த பத்து மாணவர்கள் காங்னங் என்ற கடற்கரை ஊருக்கு உல்லாசப் பயணம் போய் விடுதியில் தங்கினார்கள். பாய்லரின் புகைக்குழாய் விலகியிருந்தது. மூன்று பேர் இறந்தனர். ஏழு பேர் பிழைத்தனர். 2020-ல் புதிதாகப் பொருத்தும் கியாஸ் பாய்லரோடு அலாரமும் பொருத்தியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் சாவுக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு ஆண்டு, அவ்வளவுதான்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்க வேண்டும் என்று சொல்லும் மத்தியச் சட்டம் கிடையாது. அலாரத்தை விடுங்கள். காற்றோட்டத்துக்காவது யார் பொறுப்பு என்று பார்ப்போம்.

தில்லியில் நடப்பில் இருப்பது 1958-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 1988-ல் திருத்தம் செய்தார்கள். இன்று 3,500 ரூபாய்க்குத் தில்லியில் என்ன கிடைக்கும்? ஆக, நம்மில் அநேகம் பேர் அந்தச் சட்டத்தின் நிழலுக்கு வெளியே நிற்கிறோம். 1995-ல் புதிய வாடகைச் சட்டம் ஒன்றைப் பார்லிமெண்ட் நிறைவேற்றி, ஜனாதிபதியின் ஒப்புதலும் கிடைத்தது. அது அமலுக்கு வரவே இல்லை.

அந்த நிழலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் கதி. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஆனாலும் அதன் 108-வது பிரிவில் இரண்டு வாசகங்கள் நமக்கு உதவும். வாடகைக்கு வருபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை ஏதாவது இருந்து, அது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் செய்து தரக் கடமைப்பட்ட ரிப்பேரை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடித்தனக்காரரே செய்துகொண்டு வாடகையில் கழித்துக் கொள்ளலாம். ஆனால் எந்த ரிப்பேருக்கு அவர் கடமைப்பட்டவர் என்பதை ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. நம் பதினோரு மாத ஒப்பந்தங்களில் எழுதியிருப்பது என்ன? ஆணி அடிக்கக் கூடாது, விருந்தாளி தங்கக் கூடாது, பத்து சதவீதம் வாடகை ஏறும். இவ்வளவுதான்.

2021 ஜூன் 2-ந் தேதி மத்திய மந்திரிசபை மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்து, மாநிலங்கள் இதைப் பின்பற்றிச் சட்டம் செய்யலாம் என்று அனுப்பியது. அதன் இரண்டாவது அட்டவணையில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று ஜாபிதா போட்டிருக்கிறார்கள். வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, மின்சார வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், கழுவு தொட்டி, ஸ்விட்ச், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடித்தனக்காரர் பக்கம். அந்தக் குடித்தனக்காரர் ஜாபிதாவில் “கீசர் ரிப்பேர்” என்றும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இந்த அட்டவணையைப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தால் இன்னொரு டீ வரவழைத்திருப்பார்.

கொசுவலையை மாற்றுவது யார் என்று யோசித்துப் பார்த்து எழுதியவர்கள், குளியலறைக்குக் காற்று வழி விடுவது யார் என்று தனியாக ஒரு வரி எழுதவில்லை. மாநிலங்கள் இந்த மாதிரியைத் தழுவும்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துக் கொள்ள எந்தத் தடையும் இல்லை.

கட்டிட விதிகளில் குளியலறையின் காற்றோட்டம் பற்றி இல்லாமல் இல்லை. வெளிக்காற்றையோ காற்றுக் கூண்டையோ பார்த்துத் திறப்பு இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் நம்மவர்கள் குடியிருக்கும் லால் டோரா கிராமங்களுக்கு 1963 முதல் நெடுங்காலம் கட்டிட விதியில் இருந்து விலக்கு இருந்தது. என் ஜன்னலை மூடிய சுவர் அப்படி வளர்ந்த சுவர்களின் வாரிசு.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சமையல் கியாஸ் விபத்துகளுக்காக எண்ணெய்க் கம்பெனிகள் பொதுக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன; சாவுக்கு ஆறு லட்சம் ரூபாய் வரை என்று பார்லிமெண்டில் பலமுறை பதில் தரப்பட்டிருக்கிறது. அந்தப் பதில்களின் வாசகம், “தீ ஏற்பட எல்.பி.ஜி. முதன்மைக் காரணமாக இருக்கும் விபத்துகள்” என்று போகிறது. கீசர் சாவில் தீப்பிடிப்பதே இல்லை. அடுப்பு ஒழுங்காக எரிந்து கொண்டிருக்க, ஆள்தான் அணைந்து போகிறார். அப்படி ஒரு குடும்பம் கம்பெனி வாசலில் போய் நின்றால் இந்த வாசகமே குறுக்கே நிற்கும் என்று அஞ்சுகிறேன்.

வெளிக்காற்றுக்கு விதி, உள்காற்றுக்கு?

தில்லியில் காற்றுக்குச் சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெளிக்காற்றில் கார்பன் மோனாக்சைடு எட்டு மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு நிர்ணயித்திருக்கிறது. குளிர்காலத்தில் காற்று கெடும்போது படிப்படியாகக் கட்டுப்பாடுகள் வருகின்றன. ஓட்டல் தந்தூரில் கரியும் விறகும் கூடாது. குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் காவல்காரர்களுக்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் மின்சார ஹீட்டர் கொடுத்தாக வேண்டும். அவர்கள் குப்பையும் விறகும் கொளுத்திக் குளிர் காயாமல் இருப்பதற்காக.

நல்ல விதி. ஆனால் அது யாருக்காக வந்தது என்று பாருங்கள். காவல்காரருக்காக அல்ல, வெளிக்காற்றுக்காக. வெளியில் கொளுத்தினால் அபராதம் என்று பயந்து, ஹீட்டரும் கிடைக்காத ஒரு காவல்காரர், அங்கீட்டியைக் கூண்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் அவரைக் கேட்பார் இல்லை. ஆயினும் இந்த விதியில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் ஹீட்டர் தர வேண்டும் என்று உத்தரவு போட முடிந்த அரசால், ஆள் வைத்து வாடகை வாங்குகிறவர் காற்று வழி தர வேண்டும் என்றும் உத்தரவு போட முடியும்.

எது முதலில்?

அலாரத்தைக் கட்டாயம் ஆக்கினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இந்தக் கருவியை நீராவி படும் குளியலறைக்குள் மாட்டக் கூடாது என்று அதைத் தயாரிக்கிறவர்களே சொல்கிறார்கள். வெளி அறையில் மாட்டினால், மூடிய குளியலறைக்குள் இருப்பவருக்கு ஆபத்து முற்றிய பிறகுதான் வெளியே கூவும். இங்கிலாந்தில் பாய்லர் வைக்கும் இடமும் முறையும் வேறு. அந்த விதியை அப்படியே நகல் எடுத்து இங்கே ஒட்டினால், வீட்டுக்காரர்கள் மலிவான பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டுக் கை கழுவி விடுவார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. கடையில் அலாரம் கேட்டால் சமையல் கியாஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் பெட்டியை எடுத்துத் தருகிறார்கள். அது தரையை ஒட்டி வைக்க வேண்டியது, ஏனென்றால் சமையல் கியாஸ் கனமானது, கீழே தங்கும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து பரவும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

நம் ஊருக்கு முதல் விதி, குளியலறைக்குள் கியாஸ் கீசர் கூடாது என்பதாக இருக்க வேண்டும். கீசர் வெளியே, பால்கனியிலோ காற்றோட்டமான இடத்திலோ. தண்ணீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே. இந்தக் குழாய் வேலையும் காற்றுத் திறப்பும் வீட்டுக்காரர் செலவு. அதற்கு இடமே இல்லாத வீட்டில், மின்சாரத்தை வாரியத்தின் விலைக்குத் தர வேண்டும். பத்து ரூபாய்க்கு விற்கக் கூடாது. அலாரம் அடுத்தபடி. அதையும் எல்லோர் தலையிலும் ஒரே நாளில் கட்டினால் ஒப்புக்குத்தான் நடக்கும். லைசென்ஸ் வாங்கித் தொழில் நடத்தும் ஓட்டல், லாட்ஜ், தங்கும் விடுதிகளில் இருந்து தொடங்கலாம். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனை சேர்க்கப் பார்லிமெண்ட் கூட வேண்டியது இல்லை.

ஏழைக் கூலிக்காரன் அங்கீட்டிக்கு இது எதுவும் பதில் ஆகாது. ஒரே கம்பளியை நாலு பேர் இழுத்துப் போர்த்திக் கொள்ளும் அறையில் அலாரம் கூவினால், அடுப்பை வெளியே வைத்துவிட்டு விடியும்வரை நடுங்க வேண்டியதுதான். அதற்கு வேண்டியது கம்பளியும் மலிவான மின்சாரமும். அதை அலாரத்தோடு போட்டுக் குழப்புவது சரியல்ல.

விதி வரும்வரை நாம் செய்யக் கூடியவற்றை இந்தப் பத்தியின் வாசகர்களில் பலர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார்கள். செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்து வைத்துக் காற்று மாறிய பிறகு குளிக்கப் போகவும். கீசர் எரியும்போது கதவைச் சாத்த வேண்டாம். ஜுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடவும். அங்கீட்டி அணைந்துவிட்டது போல் தோன்றினாலும், கங்கு கிடக்கும்வரை விஷம் வந்து கொண்டேதான் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் தெளிகிறது என்றால், அது ஜலதோஷம் அல்ல. ஆஸ்பத்திரியில் “அறைக்குள் கரி எரிந்தது”, “குளியலறையில் கியாஸ் எரிந்தது” என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். நான் சொன்னேன். “குளியலறைக்குக் காற்றுத் திறப்பு வீட்டுக்காரர் செய்து தருவார், அறிவிப்புக் கொடுத்து முப்பது நாளில் செய்யாவிட்டால் குடித்தனக்காரர் செய்து வாடகையில் கழித்துக் கொள்ளலாம்.” 108-வது பிரிவை மனதில் வைத்துக்கொண்டு எழுதியது. ஸ்டாம்ப் பேப்பர் டைப் அடிக்கும் ஆள் இப்படி ஒரு வரியை இதுவரை அடித்ததில்லை என்றார். வீட்டுக்காரர் இரண்டு முறை படித்தார். முப்பது நாளை அறுபது நாளாக்கி, வாடகையில் ஐந்நூறு ஏற்றிக் கையெழுத்துப் போட்டார். கொத்தனார் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கீசரைக் கழற்றிப் பால்கனியில் மாட்டிவிட்டோம். குழாய்ச் செலவு என்னுடையது.